பதக்க விளிம்பில் நம் முன்னோர்

சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவன் ஒருவன் கறுத்துப்போன வட்டமான உலோகத் துண்டொன்றைக் கொண்டுவந்தான். வீட்டில் அதைக் குழந்தையின் அரைஞாணில் கட்டியிருந்தார்களாம்! துணியால் துடைத்துப் பார்த்தோம். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை; மறுபுறம் குதிரைமேல் ஒரு வீரன், 1914, 1918 என்னும் ஆண்டுகள். முதல் உலகப் போரில் பணியாற்றியோருக்குப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய போர்ப் பதக்கம் அது.

பதக்கத்தின் முகத்தைக் காட்டிலும் விளிம்பே முக்கியம். பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன அங்கே ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். சென்னை மாகாணத்துப் பயனியர், சாப்பர் படைகளில் நம்மவர் பெருமளவில் சேர்ந்திருந்தனர். 61ஆம் பயனியர் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. பாதை வெட்டுவதும் பாலம் கட்டுவதும் பயனியர் தொழில். தோளில் துப்பாக்கியும் இருந்தது. 1933இல் சென்னைப் பயனியர் படை கலைக்கப்பட்டது.

உலோகமும் செய்தி சொல்லும். போர்வீரருக்கு வெள்ளி, தொழிலாளர் படையினருக்கு வெண்கலம். அங்கும் ஏற்றத்தாழ்வுதான்! வெள்ளிப் பதக்கங்கள் பல வறுமையினால் தட்டாரின் உலைக்குச் சென்றன. பொறித்த பெயரும் உடன் உருகிற்று. வெண்கலத்துக்கு உலோக மதிப்புக் குறைவு. ஆதலால் சில வீடுகளில் அது தப்பிக் கிடக்கிறது.

மாணவன் கொண்டுவந்ததும் வெண்கலமே. புளியிட்டுத் துலக்கித் துலக்கிப் பெயரில் பாதி தேய்ந்துவிட்டது. எண் மட்டும் தெளிவாயிருந்தது. இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் இத்தகையது கிடைத்தால் துலக்காதீர்கள். விளிம்பில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டு, வீட்டு முதியோரிடம் இன்றே கேளுங்கள். போருக்குச் சென்றவரைக் கண்ணால் கண்டவர் இனி அதிகமில்லை.