பின்னோக்குப் பாடற்காட்சி

பின்னோக்குப் பாடற்காட்சி: நடிப்பைப் படம்பிடித்து, அதைக் கடைசிச் சட்டகத்திலிருந்து முதற்சட்டகம் வரை ஓட்டி, பாட்டை மட்டும் நேராக ஒலிக்கவிடும் இசைக்காணொளி. படப்பிடிப்புத் தளங்களில் ‘ரிவர்ஸ் ஷாட்’ என்றே வழங்கும்.

தோற்றம்: லூமியேர் சகோதரர்களின் சுவர் இடிப்புப் படம் (1896) இதன் மூத்த முன்னோடி. இடிந்த சுவர் புழுதியை விழுங்கிக்கொண்டு எழுந்து நிற்கும் வகையில் அதைத் திருப்பியும் ஓட்டிக் காட்டினர். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் திரையிட்ட ஆறு படங்களில் ‘இடிப்பு’ ஒன்று. அங்கும் திருப்பி ஓட்டப்பட்டதா என்பது உறுதியாகவில்லை. சோவியத் இயக்குநர் சீகா வெர்த்தோவ் 1924இல் இறைச்சித் துண்டுகளை மீண்டும் உயிருள்ள மாடாக்கிக் காட்டினார்.

தமிழில்: ‘மாயா பஜார்’ (1957) படத்தின் ‘கல்யாண சமையல் சாதம்’ பாடலில் லட்டுகள் தாமாகவே எழும்பி, கடோத்கஜனாக வரும் எஸ். வி. ரங்காராவின் வாய்க்குள் வரிசையாகப் போகின்றன. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. இதைப் பின்னோக்கு உத்திக்குச் சான்றாகக் காட்டுவது உண்டு. கம்பியாலோ ஒவ்வொரு சட்டகமாக எடுத்தோ இதைச் செய்திருக்கவும் கூடும். எப்படியானாலும், பாடும் வாய் நேராகவே அசைவதால் பாடல் முழுவதும் பின்னோக்கி எடுக்கப்பட்டதன்று. பிற்காலச் சண்டைக் காட்சிகளில், மதிலிலிருந்து குதிப்பதை எடுத்து மதில்மேல் பாய்வதாகக் காட்டும் வழக்கம் இருந்தது.

1994-2007: இக்காலமே இவ்வகையின் செழிப்புக் காலம். முதற்படைப்பு எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. எனிக்மாவின் ‘ரிட்டர்ன் டு இன்னொசன்ஸ்’ (1994) ஒரு முதியவரின் இறப்பிலிருந்து குழந்தைப் பருவம் நோக்கிச் செல்கிறது. ஃபார்சைட் குழுவின் ‘டிராப்’ பாடலுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் கடினமான வழியைத் தேர்ந்தார்: மொழியியல் அறிஞர் ஒருவர் வரிகளின் ஒலியைத் திருப்பி எழுதித் தர, பாடகர்கள் அதை உருப்போட்டனர். மிஷேல் கோந்த்ரியின் ‘சுகர் வாட்டர்’ (1996) திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நேராகவும் மறுபாதியைத் திருப்பியும் ஓட்டியது. கோல்ட்பிளேயின் ‘தி சயன்டிஸ்ட்’ (2002, இயக்கம் ஜேமி த்ரேவ்ஸ்) பரவலாக அறியப்பட்டது. பாடகர் கிறிஸ் மார்ட்டின் தெருவிலும் காட்டிலும் பின்னோக்கி நடந்துபோய் ஒரு கார் விபத்தை அடைகிறார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்த பெண் மீண்டும் இருக்கைக்கு வருகிறாள். பாட்டைத் திருப்பிப் பாடப் பழக மார்ட்டினுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆனதாகக் கூறுவர். மியூட்மேத் குழு ‘டிப்பிக்கல்’ (2007) பாடலுக்கு இசைக்கருவிகளையும் பின்னோக்கி வாசித்தது.

முறை: ஃபிலிம் காலத்தில் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்துச் சுருளை முனைமாற்றி ஒட்டினாலே போதும். வாயசைப்புத்தான் சிக்கல். ஒலிநாடா எழுத்துகளைத் திருப்புவதில்லை, ஒலிகளைத் திருப்புகிறது. ‘விகடகவி’யை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் விகடகவிதான், நாடாவில் திருப்பினால் ஏறத்தாழ ‘இவகடகிவ்’. எழுத்தளவில் இருபுறமும் ஒன்றாகவே வரும் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகமும் நாடாவில் மாறித்தான் ஒலிக்கும்.

எல்லா அசைவும் திருப்பியதைக் காட்டிக்கொடுக்காது. ஊசலாடும் ஊஞ்சல் இரு திசையிலும் ஒன்றே. விழுவது, வழிவது, உடைவது, புகைவது ஆகியவையே கண்ணுக்குப் பிடிபடும். தேங்காய்ப்பட்டணம் போன்ற கடற்கரையில் கரமடி வலை இழுப்பதை எடுத்துத் திருப்பினால், துள்ளும் மீனோடு மடி கடலுக்குள் போகும். நுரை மணலிலிருந்து திரண்டு அலையாகும். ஈர மணலில் இருக்கும் காலடிகளைப் பாதங்கள் ஒவ்வொன்றாக அழித்துச் செல்லும். இழுப்பவர்கள் மட்டும் கயிற்றை இழுத்தபடியே கடலை நோக்கி நகர்பவர்களாகத் தெரிவார்கள்.

அண்மைக்காலம்: கைப்பேசிச் செயலிகளில் ஒரே தட்டலில் படம் திரும்பிவிடுகிறது. வாயசைப்பை மட்டும் இன்னும் உருப்போட்டாக வேண்டும் என்பதால், குறுங்காணொளிகளில் பாடும் முகத்தை விட நீரும் பூவும் பறக்கும் துணியுமே மிகுதி.