தனியார் பல்கலைக்கழகமும் மாணவர் கடமையும்



சாவடி என்பது பண்டை நாளில் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறி, மேற்செல்லும் வழியை விசாரித்தறிந்த இடமாகும். எங்கள் குமணன்சாவடியும் அத்தகைய பெயருடைய ஊரே. இன்று இவ்வூரைச் சுற்றி வேலப்பன்சாவடி, மதுரவாயல், போரூர் ஆகிய இடங்களில் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஓங்கி நிற்கின்றன. அவை யாவும் ஆராய்ச்சியைத் தம் சிறப்பாகக் கூறுவன. பள்ளிப் படிப்பை முடித்து வாயிலில் நிற்கும் மாணவர், உள்ளே நுழையுமுன் எவற்றை விசாரித்தறிதல் வேண்டும்? வரலாறு மூன்று வினாக்களை நமக்குக் கற்பிக்கின்றது.

முதலாவது, பட்டம் வழங்கும் உரிமை எச்சட்டத்தால் வந்தது என்பது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்துக்கும், 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் அவ்வுரிமை உண்டு. சத்தீஸ்கர் மாநிலத்தில் 2002-இல் இயற்றப்பெற்ற ஒரு சட்டத்தின் துணைகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றுள் பல பெயரளவிலேயே இருந்தன. அவற்றுக்கு ஆதாரமாயிருந்த சட்டப் பிரிவுகள் செல்லா என உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அவற்றை நம்பிச் சேர்ந்த மாணவர் நிலை யாதாயிற்று? மாநிலப் பல்கலைக்கழகங்களின் இணைப்பை நாட வேண்டியதாயிற்று. பெயர்ப்பலகை வேறு, உரிமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஆராய்ச்சியின் பயன் இளநிலை மாணவரை அடைகின்றதா என்பது. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. ஆனால் 1810-இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்தலும் ஒன்றையொன்று வளர்க்க வேண்டும் என்னும் கொள்கையைக் கைக்கொண்டது. அக்கொள்கையை அமெரிக்காவில் நிலைநாட்டியது 1876-இல் பால்டிமோர் நகரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அது ஒரு வணிகர் விட்டுச்சென்ற செல்வத்தால் எழுந்தது. தமிழகத்திலோ, 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவிய அண்ணாமலை செட்டியார், தம் கல்வி நிலையங்களையும் 20 இலட்சம் ரூபாயையும் வழங்கியதால் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்கும் முறையால் தமிழும் இசையும் அங்கு ஏற்றம் பெற்றன.

இக்காலத்தில் 2016 முதல் மத்திய அரசு தரவரிசை வெளியிடுகின்றது. அது கற்பித்தலோடு ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் கணக்கிடுகின்றது. ஆயினும் எண்ணிக்கை எடையாகாது. தம் கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டிக்கொண்டாலும் எண்ணிக்கை உயரும் அன்றோ! கட்டுரை எழுதிய பேராசிரியர் முதலாண்டு வகுப்புக்கு வருகின்றாரா, ஆய்வுக்கூடத்தில் இளநிலை மாணவர் கை வைக்க இடமுண்டா என்பனவே நாம் கேட்கத் தக்கவை.

மூன்றாவது, பொருளுக்குப் பொறுப்பாளர் யார் என்பது. வள்ளன்மையால் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமே பின்னாளில் கடும் நிதி நெருக்கடியில் ஆழ்ந்தது. 2013-இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றி அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. நிறுவியவரின் நல்லெண்ணம் மட்டும் ஒரு நிலையத்தை என்றென்றும் காக்காது. முறையான கணக்கும் கண்காணிப்பும் இன்றியமையாதன.

ஆகவே, மாணவர்களே, விளம்பரத்தைப் படிப்பதோடு நில்லாதீர்கள். மானியக் குழுவின் பட்டியலில் அந்நிலையத்தின் பெயரைத் தேடுங்கள். வேலை நாளொன்றில் நூலகத்துக்குச் சென்று, அங்கு எத்தனை பேர் படிக்கின்றனர் என்று பாருங்கள். இரண்டாமாண்டு மாணவரிடம் தனியே உரையாடுங்கள். எல்லா ஆண்டுகளுக்கும் உரிய கட்டணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் செலுத்தும் பணம் அது. விசாரிப்பது அவமரியாதையன்று, நல்ல ஆசிரியர் எவரும் கேள்வி கேட்கும் மாணவரையே விரும்புவர். உங்கள் கேள்விக்கு முகம் சுளிக்கும் நிலையம், ஆராய்ச்சி என்னும் சொல்லுக்கே தகுதியுடையதன்று.