நலிந்தோர்க்கும் உண்டு ரியாளத்

அறபு மொழியில் உடற்பயிற்சியைக் குறிக்கும் சொல் 'ரியாளத்' என்பதாகும். பழகாத குதிரைக் குட்டியைப் பழக்கிப் பண்படுத்துதல் என்னும் பொருளும் அதன் வேர்ச்சொல்லுக்கு உண்டு. உள்ளத்தைப் பண்படுத்தும் பயிற்சிக்கு ஸூஃபியாக்கள் இச்சொல்லையே ஆண்டனர். குட்டியைப் பழக்குபவன் அதன் வலிமையறிந்தே கயிற்றை இறுக்குவான், தளர்த்துவான். எனவே உடலுக்கேற்ற அளவு என்னும் கருத்து அச்சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது. ஆயினும் உடற்பயிற்சி என்றதும் கட்டுடல் வாய்ந்த இளைஞர்களே பலர் நினைவுக்கும் வருகின்றனர். பக்கவாதத்தில் விழுந்த பெரியவரையும் கால் சூம்பிய பிள்ளையையும் அசையவிடாமல் வைத்திருப்பதே அன்பு என்று இல்லங்களில் கருதப்படுகின்றது. இதைப் பற்றி வரலாறு கூறுவதைச் சற்றே நோக்குவோம்.

கி.பி. 1037இல் (ஹிஜ்ரி 428) ஹமதானில் மறைந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலின் முதற்பகுதியில் உடற்பயிற்சியை விரிவாக ஆராய்கின்றார். மூச்சைப் பெரிதாகவும் விரைவாகவும் வாங்கச் செய்யும் இயக்கம், அதுவும் மனிதன் தானே விரும்பிச் செய்யும் இயக்கம், என்பது அவர் தரும் இலக்கணத்தின் சாரம். மற்போரையும் ஓட்டத்தையும் கூறும் அவர் அத்துடன் நிற்கவில்லை. ஊஞ்சலாடுதல், படகிற் செல்லுதல் போன்ற மென்மையான பயிற்சிகளையும் வகுத்துள்ளார். காய்ச்சலால் நலிந்து, எழுந்து நடமாடவும் இயலாதவர்க்கு ஊஞ்சல் பொருந்தும் என்கிறார். ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப் பயிற்சி உண்டு என்பதும், முகநிறம் பொலிந்து அசைவு இலகுவாய் இருக்குமளவும் பயிற்சியைத் தொடரலாம் என்பதும் அவர் கண்ட விதிகளாம். எவ்வளவு செய்வது என்பதை நோயாளியின் உடலே சொல்லும் என்பது இதன் கருத்து.

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்தன. ஓய்வே பெருமருந்து என்னும் எண்ணம் ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஓங்கியிருந்தது. மாரடைப்புற்றோர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தப்பட்டனர். முதல் உலகப் போரில் முதுகுத் தண்டுவடம் முறிந்த வீரர்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் அவர்களுட் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள்ளேயே மாண்டனர். அவர்களைத் தேற்றுவது வீண் என்று மருத்துவ உலகம் கைவிரித்திருந்தது.

இந்நிலையை மாற்றியவர் லுட்விக் குட்மன். ஜெர்மானிய யூதரான இந்நரம்பியல் மருத்துவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தில் புகலிடம் தேடினார். 1944 பிப்ரவரி முதல் நாள், எய்ல்ஸ்பரி நகரையடுத்த ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றோர்க்கான பிரிவு அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. இரவு பகல் பாராது இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்து, முதலில் புண்ணை வென்றார். அடுத்து, பயிற்சியை மருந்தாக்கினார். கால்கள் செயலற்றால் என்ன, தோளும் கையும் இருக்கின்றனவே! அவற்றை வலுப்படுத்தவும் அமர்ந்த நிலையில் உடலைச் சமன் செய்யவும் வில்வித்தை உதவிற்று.

1948 ஜூலை 29 அன்று இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லேந்தினர். அவர்களுள் இருவர் பெண்கள். 1952இல் நெதர்லாந்து வீரர்கள் வந்து சேர, அது பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் கலந்துகொண்டனர். அதுவே முதல் பாராலிம்பிக் என்று பின்னர் ஏற்கப்பட்டது.

குட்மன் இப்னு ஸீனாவின் வழிவந்தவர் என்று நாம் உரிமை கொண்டாட வரவில்லை. உண்மை ஒன்றாயிருப்பின், அதனை நாடுவோர் காலமும் சமயமும் கடந்து ஒரே இடத்தில் வந்து சேர்வர் என்பதே நாம் சொல்ல விழைவது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார் படைவீரர் முரளிகாந்த் பெட்கர். சிகிச்சையாக நீந்தப் புகுந்த அவர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. 2016இல் ரியோ நகரில் உயரம் தாண்டி வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியவர்.

பதக்கம் வெகுசிலர்க்கே வாய்க்கும். பயிற்சியோ அனைவர்க்கும் உரியது. உடலியக்கம் குறித்து 2020இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகளில், நீடித்த நோயுடையோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் முதன்முறையாகத் தனிப் பரிந்துரைகள் இடம்பெற்றன. வயது வந்தோர் இயன்றவரை வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக இயங்குக. சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. சிறிதளவு இயக்கமும் வீணன்று என்பன அவற்றின் சாரம்.

மருத்துவரைக் கலந்து, அவரவர்க்கேற்ற அளவை அறிந்து தொடங்குவதே முறை. நாற்காலியில் அமர்ந்தபடி கையை உயர்த்துவதும், சுவரைப் பற்றிப் பத்தடி நடப்பதும் ரியாளத்தே ஆகும். நோயாளியின் தலைமாட்டில் தண்ணீர் வைப்பது அன்பு. அவர் தாமே எழுந்து அதனை எடுத்துப் பருகும் நாளுக்காகத் தோள் கொடுப்பது அதனினும் பேரன்பு.