பாலத்துக்கும் ஒரு காவல்

ஜெகதாப்பட்டினத்துக்கு ரயில் கிடையாது. ஆனால் அந்தக் கடற்கரையில், படகை இறக்குமுன் வானத்தையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும் மீனவர்களைக் கண்டபோதுதான் ரயில் பாலங்கள் என் நினைவுக்கு வந்தன.

1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டிருந்தது. அதை அறியாமல் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பெரிய மனம்தான்! ஆனால் அந்த இருட்டில் வண்டியை நிறுத்தத் தேவைப்பட்டது ஒரு சிவப்பு விளக்கு.

மழைக்காலத்தில் தண்டவாளத்தோரம் இரவெல்லாம் நடக்கும் ரோந்துக்காரர் கையில் அந்த விளக்கு இருக்கிறது. சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடியும் இருக்கிறது.

1914-இல் திறந்த பாம்பன் பாலத்தை 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்தது. தனுஷ்கோடி சென்ற பாசஞ்சர் வண்டியைக் கடல் விழுங்கியது. இ. ஸ்ரீதரன் முன்னின்று 46 நாளில் பாலத்தை மீட்டார். பிற்காலத்தில் அங்கே காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால், கருவியே சிக்னலைச் சிவப்பாக்கி வண்டியை நிறுத்தியது. மீனவர் கண்ணால் செய்ததைக் கருவி செய்தது, அவ்வளவுதான்.

ரயில் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பாலத்தின்மேல் ஏறி நின்று பார்க்க மனம் வராது. அந்த இடம் விளக்கோடு வருகிற அந்த மனிதருக்கு உரியது.