பல ஆளுமைகள்: டாக்டர்கள் கண்டுபிடித்ததா, உண்டாக்கியதா?

'அந்நியன்' படம் 2005ல் வந்த பிறகு 'மல்டிபிள் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்ற பெயர் நம்ம ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு 11 வருஷம் முன்பே, 1994ல், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் கையேட்டிலிருந்து அந்தப் பெயரைத் தூக்கிவிட்டு 'டிஸ்ஸோசியேடிவ் ஐடென்டிடி டிஸார்டர்' என்று மாற்றிவிட்டது. ஒரு உடம்புக்குள் பல பேர் குடியிருக்கவில்லை, ஒரே ஆளுக்குத்தான் 'நான்' என்ற உணர்வு துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதைச் சொல்லும் பெயர் இது.

டிஸ்ஸோசியேஷன் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நினைவு, உணர்ச்சி, தான் யார் என்ற எண்ணம் எல்லாம் சாதாரணமாகச் சேர்ந்தே ஓடும். அவை ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்வதுதான் இது. வாழ்க்கையில் ஒரு பகுதியே மறந்து போகலாம். தன்னையே தூரத்தில் நின்று பார்ப்பது போல இருக்கலாம். உச்சக்கட்டம்தான் பல ஆளுமை. (ஸ்கிட்ஸோஃப்ரேனியா வேறு நோய். சினிமாக்காரர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்!)

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு பியர் ஜானே. 1880களில் லே ஹாவ்ர் என்ற துறைமுக ஊரில் தத்துவ ஆசிரியராக இருந்தவர். அவரிடம் 19 வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். லூசி என்று எழுதியிருக்கிறார். காரணமே தெரியாமல் திடீர் திடீரென்று பயந்து நடுங்குவாள். சின்ன வயசில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆட்கள் அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள். ஆனால் அவளுக்கு அது நினைவில் இல்லை. ஹிப்னாடிசத்துக்குப் பிறகு அவள் வாய் ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போதே கை வேறொன்று எழுத ஆரம்பித்தது. நான் பேசுவது கேட்கிறதா என்று ஜானே கேட்டார். இல்லை என்று கை பதில் எழுதியது! அப்படியானால் கேட்பது யார்? லூசி இல்லை, வேறு யாரோ. அதற்கு ஒரு பெயர் வைக்கலாமா என்றார். வேண்டாம் என்றது. வைத்தால் வசதியாக இருக்கும் என்று இவர் வற்புறுத்த, கடைசியில் 'அட்ரியென்' என்று எழுதியது.

பெயர் வைத்த பிறகு அந்த இன்னொருத்தி இன்னும் தெளிவான உருவம் எடுத்தாள் என்று ஜானேயே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இந்த மனுஷரைப் பிடித்ததே இதனால்தான். பின்னால் வந்தவர்கள் இந்த வரியைக் கவனித்து வாசித்திருந்தால் எவ்வளவோ நடந்திருக்காது.

முக்கியமாக ஷெர்லி மேசன். 1973ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற 'சிபில்' புத்தகத்தின் நிஜ நாயகி. நியூயார்க்கில் கார்னீலியா வில்பர் என்ற மனநல டாக்டர் அவருக்கு 1954லிருந்து 11 வருஷம் சிகிச்சை கொடுத்தார். சோடியம் பென்டோதால் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டு, அந்த மயக்கத்தில் நினைவுகளைத் தோண்டினார். 16 ஆளுமைகள் என்று கணக்கு வந்தது. பெற்ற தாயே சித்திரவதை செய்ததாகக் கதைகள் வந்தன. அந்தத் தாய் 1948லேயே இறந்துவிட்டார். பதில் சொல்ல ஆளில்லை. 1958ல் மேசன் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார்: எனக்குப் பல ஆளுமைகள் கிடையாது, நான் சொன்னது பொய். டாக்டர் என்ன செய்தார்? நோயாளி சிகிச்சைக்கு முரண்டு பிடிக்கிறாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து, பழையபடியே தொடர்ந்தார். புத்தகம் வந்ததும் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ள, மேசன் ஓவிய ஆசிரியை வேலையை விட்டுவிட்டு டாக்டர் இருந்த ஊருக்கே குடிபோனார். 1998ல் இறந்தார்.

1980ல் நோய் அமெரிக்கக் கையேட்டில் ஏறியது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணும்படி இருந்த நோயாளிகள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். ஹிப்னாடிசத்தில் 'மீட்ட' நினைவுகளை நம்பிப் பிள்ளைகள் பெற்றோர் மீது குற்றம் சாட்டினார்கள். பிறகு நோயாளிகளே டாக்டர்கள் மீது வழக்குப் போட்டார்கள். 1997ல் சிகாகோவில் ஒரே குடும்பத்துக்கு 1 கோடியே 6 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று.

அப்படியானால் நோயே பொய்யா? இல்லைங்க. சின்ன வயசில் கொடுமையை அனுபவித்தவர்கள் இந்தத் துன்பத்தோடு வரத்தான் செய்கிறார்கள். சிறுவயசுக் காயம்தான் முக்கியக் காரணம் என்பவர்களும், டாக்டரின் கேள்வி, சினிமா, புத்தகம் இதற்கு உருவம் கொடுக்கிறது என்பவர்களும் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். என் பார்வையில் இரண்டுமே நடக்கிறது. லூசியின் பயம் நிஜம், அட்ரியென் என்ற பெயர் ஜானே கேட்டு வாங்கியது.

சிகிச்சையில் சுற்றிச் சுற்றி ஜானே காட்டிய வழிக்கே வந்திருக்கிறார்கள். மூன்று கட்டம். முதலில் அவர் பத்திரமாக இருக்க வேண்டும்: தூக்கம், அன்றாட வாழ்க்கை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் இருப்பது. இதற்கே வருஷக்கணக்காகலாம். அப்புறம்தான், அவர் தாங்கும் அளவுக்கு மட்டும், பழைய நினைவுகள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வாழ்க்கையாகக் கோர்ப்பது. பேச்சு சிகிச்சைதான் பிரதானம். துண்டாவதற்கென்று தனி மாத்திரை எதுவும் கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை தருவார்கள்.

இத்துறை வல்லுநர்களின் சர்வதேச சங்கம் 2011ல் வெளியிட்ட வழிகாட்டியில் இன்னொன்றும் இருக்கிறது: பெயர் இல்லாத ஆளுமைக்குப் பெயர் வைக்கும்படி சிகிச்சை தருபவர் சொல்லக்கூடாது.