எட்டாவது பாஸா?

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும், "எட்டாவது பாஸா?" என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் எவ்வளவு மதிப்பு என்று. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 8-வது விதி (பொருத்தத்தைப் பாருங்கள்!) லாரி, பஸ் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு கிளீனராகப் போனவர்களுக்குத் தனித்தேர்வுதான் வழி. அந்த ஒரு தாளுக்குப் பின்னால் ஸ்டியரிங் இருந்தது.

2019 ஜூனில் மத்திய அரசு இந்த நிபந்தனையை நீக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு என்ன செய்தது தெரியுமா? 5, 8 இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்றது! அப்போதைய கல்வி அமைச்சர் நம்ம கோபிச்செட்டிபாளையம் தொகுதியின் கே.ஏ.செங்கோட்டையன்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாவது வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. 5, 8-ல் ஆண்டு இறுதித் தேர்வு, தோற்றால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தோற்றால் நிறுத்தி வைப்பதா என்பது மாநிலத்தின் விருப்பம். கவனியுங்கள், திருத்தம் கேட்டது வழக்கமான ஒரு தேர்வைத்தான். 'பொது' என்ற சொல் அதில் இல்லை, இங்கேதான் சேர்ந்தது.

எதிர்ப்பு கிளம்பியதும், முதல் மூன்று ஆண்டு யாரையும் ஃபெயிலாக்க மாட்டோம் என்று சமாதானம் சொன்னார்கள். பி.காம். புத்தி எனக்கு, எதிலும் வரவைத் தேடும். டிரைவருக்கு லைசென்ஸ் வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன வரும்? பயம் மட்டும் செலவுக் கணக்கில். 2020 பிப்ரவரி 4 அன்று அரசே தேர்வை ரத்து செய்தது. மார்ச்சில் கொரோனா வந்து 9-ஆம் வகுப்பு வரை எல்லோரும் ஆல் பாஸ்.

ஆனால் எட்டாவது வந்தும் தடுமாறிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பயனில்லை. 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அளவில் அடைவுத் தேர்வு நடந்தது. அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. எந்த மாவட்டம் பின்தங்கியிருக்கிறது என்று அரசுக்குத் தெரியும், பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். எனக்கு இது சரியாகப் படுகிறது.

பழைய தனித்தேர்வு? அது நிற்கவில்லை. பன்னிரண்டரை வயது நிறைந்தால் இன்றும் எழுதலாம்.