அடிப்படைவாதமும் அமெரிக்கத் திருச்சபையும்

'அடிப்படைவாதி' என்னும் சொல் இன்று வசைமொழியாகவே பெரிதும் வழங்குகிறது. கல்வி வாசனையற்றவர், அறிவியலை வெறுப்பவர் என்னும் பொருள்களெல்லாம் அதன்மீது ஏற்றப்பட்டுவிட்டன. ஆயின், அது பிறந்த காலத்தில் அதனைத் தாமே விரும்பிச் சூடிக்கொண்டோர் இருந்தனர். 1920ஆம் ஆண்டில் கர்ட்டிஸ் லீ லாஸ் என்னும் அமெரிக்க பாப்டிஸ்ட் இதழாசிரியர், கிறித்தவத்தின் அடிப்படைகளுக்காகப் போராட முன்வருவோரைக் குறிக்க அப்பெயரை ஆக்கினார். பெயருக்கு முன்னரே இயக்கம் தோன்றிவிட்டது.

ஒரு பழம்பனுவலின் காலம் யாது, ஆசிரியர் ஒருவரா பலரா, இடைச்செருகல் உண்டா என ஆராய்வது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் அம்முறையை விவிலியத்தின்மேல் செலுத்தினர். அவ்வாராய்ச்சி அமெரிக்க இறையியல் கல்லூரிகளை எட்டியபோது, பலர் அதனை வரவேற்றனர், பலர் அஞ்சினர். இறைவாக்கு என்று தொழுத நூலை மனித வாக்காக ஆராயத் தொடங்கினால் அவ்வாராய்ச்சி எங்கே நிற்கும் என்பதே அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது, நேர்மையன்று.

கலிபோர்னியாவின் எண்ணெய்ச் செல்வர் லைமன் ஸ்டூவர்ட்டும் அவர் உடன்பிறந்தார் மில்ட்டனும் பொருளுதவி செய்ய, 1910 முதல் 1915 வரை 'அடிப்படைகள்' என்னும் பெயரில் பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. போதகர்க்கும் ஆசிரியர்க்கும் இலவசமாகவே அவை அனுப்பப்பட்டன. எழுதியோருள் பேராசிரியர் பலர். படிமலர்ச்சிக் கொள்கைக்கு ஓரளவு இடமளித்தோரும் அவருள் உளர். 1910இல் பிரெஸ்பிட்டேரியன் பொதுப்பேரவையும், மறைநூலின் பிழையின்மை, கன்னிப்பிறப்பு, பாவத்திற்கு ஈடான சிலுவைப் பலி, உடலோடு உயிர்த்தெழுதல், அற்புதங்கள் ஆகிய ஐந்தையும் இன்றியமையாதன என அறிவித்தது.

1922 மே திங்களில் நியூயார்க்கில் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக், அடிப்படைவாதிகள் வெல்வார்களா என்னும் கேள்வியையே தலைப்பாக்கி ஒரு மறையுரை ஆற்றினார். கருத்து வேறுபாடுடையோரும் ஒரே திருச்சபையில் வாழ இடம் வேண்டும் என்பது அதன் சாரம். அதனை அச்சிட்டுப் பரப்பப் பணம் தந்தவர் இளைய ராக்ஃபெல்லர். ஆக, இருபுறத்து விளக்குகளும் எண்ணெய்ப் பணத்தாலேயே எரிந்தன! 1924இல், மேற்கூறிய ஐந்தையும் போதகர்க்குக் கட்டாய அளவுகோலாக்கலாகாது என்னும் அறிக்கையில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட போதகர் கையொப்பமிட்டனர்.

1925இல் டென்னசி மாநிலத்து டேட்டன் நகரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கை உலகம் நன்கறியும். படிமலர்ச்சியைக் கற்பித்த இளம் ஆசிரியர்க்கு நூறு டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1927இல் மேல்மன்றம் நடைமுறைப் பிழை காட்டி அதனை நீக்கிற்று. வழக்கில் வென்ற தரப்பு, செய்தித்தாள்களின் நகைப்புக்கு ஆளாயிற்று. நகரங்களில் பேராசிரியர் நடத்திய வழக்காடல், நாட்டுப்புறத்தாரின் பிடிவாதமாக மக்கள் மனத்தில் பதிந்தது அதன் பின்னரே.

அவ்வழக்கில் சாட்சி கூற அழைக்கப்பட்டும் செல்லாதவர் ஒருவர். அவர் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்த கிரேஷம் மேச்சன். ஜெர்மனியின் மார்பர்க்கிலும் கோட்டிங்கனிலும் பயின்றவர்; அங்கே ஹெர்மன் என்னும் தாராளவாதப் பேராசிரியரின் பக்திப் பெருக்கைக் கண்டு தம் நம்பிக்கையே ஆட்டங்காண நின்றவர். எதிர்த்தரப்பின் வலிமையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதனாலேயே அவர் வாதத்திற்குக் கூர்மை இருந்தது. 1923இல் அவர் வெளியிட்ட நூலில், தாராளவாதம் கிறித்தவத்தின் ஒரு பிரிவன்று, வேறொரு சமயமே என்று வாதிட்டார். 'அடிப்படைவாதி' என்னும் பெயரை அவர் விரும்பியதில்லை. மதுவிலக்குச் சட்டத்தைச் சபை ஆதரிப்பதை அவர் ஏற்கவில்லை. அரசுப் பள்ளிகளில் விவிலிய வாசிப்பைக் கட்டாயமாக்குவதையும் எதிர்த்தார். சபை சபையாக இருக்கட்டும், அரசு அரசாக இருக்கட்டும் என்பது அவர் கொள்கை.

1929இல் பிரின்ஸ்டன் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டபோது மேச்சன் வெளியேறிப் பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியைத் தொடங்கினார். அயல்நாட்டு ஊழியத்தில் தாராளவாதம் புகுந்துவிட்டதெனக் கூறி 1933இல் தனி ஊழியக் கழகமும் நிறுவினார். அதனைக் கலைக்குமாறு சபை ஆணையிட்டது, அவர் மறுத்தார், 1936இல் போதகர் பணியினின்று நீக்கப்பட்டார். கருத்து வேறுபாட்டுக்கு இடம் வேண்டும் என்று முழங்கிய தரப்பே பெரும்பான்மை பெற்றதும், ஒருவர்க்கு இடமில்லை எனத் தீர்ப்பளித்ததனை வரலாறு மறைக்க இயலாது. அவ்வாண்டு ஜூன் திங்களில் அவரும் தோழரும் புதிய திருச்சபையைக் கண்டனர். ஏழு திங்களும் முழுமையாகச் செல்லவில்லை. 1937 சனவரி முதல் நாள், வடக்கு டக்கோட்டாவின் கடுங்குளிரில் நுரையீரல் அழற்சியால் மேச்சன் மறைந்தார்.

அவ்வாண்டிலேயே அப்புதுச்சபையும் பிளந்தது. கிறித்துவின் ஆயிரமாண்டு ஆட்சி பற்றிய விளக்கமும், நம்பிக்கையாளர் மது அருந்தலாமா என்னும் வினாவும் காரணங்களாயின. கார்ல் மெக்கின்டயர் தலைமையில் வெளியேறியோர் 'பைபிள் பிரெஸ்பிட்டேரியன்' சபையை அமைத்தனர். தாராளவாதியை விட்டு விலகுதல் போதாது, தாராளவாதியோடு உறவு பேணும் நம்பிக்கையாளனையும் விட்டு விலக வேண்டும் என்பது அவர் நெறி. 1957இல் நியூயார்க்குப் பெருங்கூட்டங்களுக்குப் பிற சபையாரின் துணையை ஏற்ற பில்லி கிரகாம், மறைநூலை உயிரெனப் போற்றியவராயினும், இந்நெறியாளரின் கண்டனத்திற்குத் தப்பவில்லை.

அப்பிரிவின் அலை சிங்கப்பூரையும் தொட்டது. மெக்கின்டயர் சார்பு இறையியல் கல்லூரியில் பயின்று திரும்பிய திமொத்தி தோ, 1950இல் பிரின்செப் தெருவில் ஆங்கில வழிபாடொன்றைத் தொடங்கினார். 1955இல் அச்சபை, தாய்ச்சபையான சீனப் பிரெஸ்பிட்டேரியன் பேரவையினின்று விலகிற்று. 1962இல் தூரக்கிழக்கு விவிலியக் கல்லூரியும் எழுந்தது. விலகுதலின் எல்லை எதுவரை என்னும் பழைய வினா அங்கும் ஓயவில்லை. 1988இல் சிங்கப்பூர் பைபிள் பிரெஸ்பிட்டேரியன் பேரவை தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. சபைகள் தனித்தனியே தம் வழி சென்றன.